பூச்சி மருந்து அக்கா

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. தெரியாமல் இல்லை, அவள் வீட்டு கேஸ் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவளைப் பற்றி ஒருமுறை நான் வாயைத் திறந்து அரை நிமிஷம் பேசினேன். அதில் அவளுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அதுவே போதும், பெயர் வேறு எதற்கு. எதிர் வீட்டு அக்கா என்றே இருக்கட்டும்.

ஜீவனஹள்ளியில் அப்போது நாங்கள் இருந்தது ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக ஆறு வீடுகள். நடுவில் மண் முற்றம். என் வீட்டுக்காரர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டினார். அவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் ஒன்றரை வயசுப் பாப்பாவும் நாலு சுவரும்தான். குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். கன்னடம் அரைகுறை, வாய் மட்டும் முழுசு.

அக்காவைத் திமிர் பிடித்தவள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐம்பதைத் தாண்டிய வயசு, ஒற்றை ஆள். எதிரில் போனாலும் தலையை நிமிர்த்த மாட்டாள். "குனிஞ்ச தலை நிமிராத பொண்ணுன்னு எங்க ஊர்ல பொண்ணு பாக்க வர்றப்ப சொல்லுவாங்க. இந்த வயசுல இவங்கள யாரு பாக்க வரப்போறாங்கன்னு இப்பிடி நடக்கறாங்க?" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவள் வெட்கப்பட்டுக் குனியவில்லை. நாய் அசிங்கத்தைத் தேடிக்கொண்டு நடந்தாள். கையில் எப்போதும் ஒரு பழைய பிளாஸ்டிக் முறமும் நாலைந்து நியூஸ் பேப்பரும் இருக்கும். கண்டால் அப்படியே வாரி, கவரில் போட்டு, முடிச்சுப் போடுவாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கொதிக்கக் கொதிக்க ஒரு பாத்திரம் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தில் ஊற்றுவாள். ஆவி பொங்கும். அவள் வீட்டு வாசலைச் சுற்றி ஒரு புல் முளைத்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் குடி வந்து நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அவளுக்கும் எனக்கும் சண்டை. மேல்மாடி கட்டுவதற்கு ஓனர் முற்றத்து மூலையில் மணல் கொட்டி வைத்திருந்தார். பாப்பாவை அதில் உட்காரவைத்துவிட்டு நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா பாப்பாவின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டிக்கொண்டிருக்கிறாள். பாப்பா வீரிட்டு அழுகிறது.

"யாருங்க நீங்க, என் கொழந்த வாயில கைய வுட்றதுக்கு?" என்று ஈரக் கையோடு பாய்ந்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. விரலில் ஒட்டி வந்த மணலையே பார்த்தாள். "முழுங்கிட்டாளா? எவ்ளோ நேரமா இங்க உக்காந்துனு இருக்கா?"

"மண்ணு தின்னாத கொழந்த எந்த ஊர்ல இருக்குது? எங்க வீட்ல ஆறு பேரு, ஆறு பேரும் மண்ணு தின்னுதான் வளந்தோம்."

"அது வெறும் மண்ணா இருந்திருக்கும். இது நாய் பேண்ட மண்ணு," என்றாள். "தண்ணி கொண்டா. மொதல்ல கைய கழுவு. நெகத்துக்கு உள்ளாற நல்லாத் தேய்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊர் விட்டு ஊர் வந்தால் கண்டவர்களும் புத்தி சொல்வார்களா? ஆனால் அன்று சாயங்காலம் ஜன்னலில் நின்று அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாய் வந்தது, கிளறியது, காரியத்தை முடித்தது, பின்காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போனது. அரை மணி நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. மூன்றும் ஒரே இடத்தில். மறுநாள் மணல்மேல் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கல் வைத்திருந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

தெருவில் எல்லோரும் அவளை நாய்ப் பைத்தியம் என்றார்கள். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு நாய் கிளினிக்கில் கூண்டு கழுவுகிற வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்த பிறகும் தெருவில் எங்கே நாய் குட்டி போட்டிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு திரிவாள். ஆனால் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தால் ஒதுங்கிப் போய்விடுவாள். தடவ மாட்டாள், ஒரு பிஸ்கட் போட மாட்டாள்.

"எனக்கு நாய்ன்னாலே ஆவாது," என்று ஒருநாள் சொன்னாள். "அதும்பேர்ல தப்பில்ல. ஆவாது, அவ்ளோதான்."

ஆகாத பிராணிக்கு அவள் செய்த ஊழியத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் தெருமுனையில் காய் வண்டிக்காரர் ஒருவர் நிற்பார். ஓசூர் பக்கத்துக்காரர், ஊரில் அண்ணன் தம்பிகள் கத்திரிக்காய் போடுகிறார்கள். அக்கா ஒரு துணிப்பையில் நாய்க்குட்டியைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பாள். மருந்து எடைக்குத் தக்க கொடுக்க வேண்டுமாம்.

"அக்கா, தக்காளி வெக்கற தட்டு அது."

"கவர விரிச்சுதான்யா வெக்கறேன். அப்புறம் கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவித் தரேன்."

"ஊத்துனா மெஷினு பூடும். வெய்யி, வெய்யி. எவ்ளோ போடட்டும், அரக் கிலோவா முக்காலா?"

வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டாள், தராசில் விழுந்த எண்ணைப் பார்ப்பாள். ஊசி இல்லாத சிரிஞ்சில் மஞ்சள் மருந்தை எடுத்துக் குட்டியின் கடைவாயில் விடுவாள். குட்டி துப்பப் பார்க்கும். இரண்டு விரலால் தொண்டையை மேலிருந்து கீழே நீவிக்கொண்டே இருப்பாள், விழுங்குகிற வரைக்கும். அவள் ஒரு நாயைத் தடவியது அந்த நேரம் மட்டும்தான். பிறகு குட்டியின் நகத்தில் நகப்பூச்சு ஒரு சொட்டு வைப்பாள். சிவப்பு என்றால் ஒரு தடவை ஆயிற்று, பச்சை என்றால் இரண்டு தடவை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள்.

"தெனம் இதுக்கு இன்னாதான் குடுக்கறீங்க?" என்றேன்.

"பூச்சி மருந்து. கிளினிக்குல மிச்சம் மீதி இருக்கறத டாக்டரு குடுப்பாரு. ரெண்டு வாரக் குட்டிலயே ஆரம்பிக்கணும். தாய் வயித்துலயே குட்டிக்கு வந்துடும் அது. பொறக்கறப்பவே பூச்சியோடதான் பொறக்குது."

"பாப்பாவுக்குக்கூட அங்கன்வாடில பூச்சி மாத்திர குடுத்தாங்களே."

"அது மனுஷன் வயித்துப் பூச்சிக்கு. இது நாய்ப் பூச்சி. இதோட முட்ட மண்ணுல கெடக்கும், வருஷக்கணக்கா கெடக்கும். பினாயிலுக்குச் சாவாது. கொதிக்கற தண்ணி பட்டாத்தான் சாவும். பேண்ட அன்னிக்கே வாரிட்டா ஒண்ணும் பண்ணாது. ரெண்டு மூணு வாரம் மண்ணோட கெடந்துதுன்னா முட்ட பழுத்துடும். அப்புறம் அந்த மண்ணுதான் ஆபத்து."

நான் தலையை ஆட்டிவைத்தேன். ஒரு சின்னப் பூச்சிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று மனசுக்குள் நினைப்புத்தான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஐந்து வயசுப் பையனின் போட்டோ இருந்தது. அழகான பையன். ஒரு கண் மட்டும் பிளாஷ் பட்டது போல வெள்ளையாக இருந்தது. போட்டோக்காரன் கெடுத்துவிட்டான் போலிருக்கிறது என்று நான் சொன்னேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும்.

"போட்டோ சரியாத்தான் எடுத்தான்," என்றாள். "அந்தப் போட்டோலதான் எங்களுக்கே தெரிஞ்சுது."

பிறகு கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். ஒரே பிள்ளை. விளையாட ஆளில்லை என்று ஏங்கினான். தெருவில் கிடந்த குட்டி ஒன்றை அவள்தான் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். பையனும் குட்டியும் ஒரே பாயில் படுத்தார்கள். முற்றத்து மண்ணில் இரண்டும் சேர்ந்து புரண்டன. "எனக்கு அப்ப குஷியா இருந்துச்சு. புள்ள சிரிக்கறானேன்னு."

கண் ஆஸ்பத்திரியில் முதலில் கட்டியாக இருக்கலாம், கண்ணையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அந்தப் பத்து நாள் அவள் சோறு தின்னவில்லை. பிறகு கட்டி இல்லை, பூச்சி என்றார்கள். நாய்ப் பூச்சியின் முட்டை பையனின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

"நாய் வயித்துல இருந்தா அதுக்கு அது வீடு. அங்கயே வளந்து அங்கயே கெடக்கும். மனுஷன் ஒடம்புல போச்சுன்னா அதுக்கு வழி தெரியாதாம். எங்க போறதுன்னு தெரியாம சுத்துமாம். ஈரலுக்குப் போவும், நெஞ்சுக்குப் போவும், சிலதுக்கு மூளைக்கே போவுமாம். என் புள்ளைக்குக் கண்ணுல போயி உக்காந்துடுச்சு." கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அந்தக் கண்ணு வரல. இன்னொண்ணு நல்லா இருக்குது."

கண் போனதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நாயைக் கொண்டுவந்தது யார்? புருஷன் வீட்டார் ஒரே வார்த்தையில் முடித்தார்கள். பையனை ஆம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார் புருஷன். இவளைக் கூப்பிடவில்லை. பையன் அங்கேயே படித்து, இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கல்யாணம் ஆகிவிட்டது. ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள் அம்மாவும் பிள்ளையும்.

"அம்மான்னுதான் கூப்புடறான்," என்றாள் அக்கா. "வான்னுதான் கூப்புட மாட்டேங்கறான்."

அன்றிலிருந்துதான் நான் அவள் பக்கம். அவள் சொல்வதற்கு முன்பே பாப்பாவின் கையைக் கழுவினேன். கொத்தமல்லியை மூன்று தண்ணீரில் அலசினேன். அவளைப் பற்றி யாராவது கேலி பேசினால் விடமாட்டேன்.

தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் அவளே என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவள் அப்படி வருகிறவள் இல்லை. முகம் பூரித்துக் கிடந்தது, அத்தனை சந்தோஷம்.

"அவனுக்குப் பொண்ணு பொறந்து பத்து மாசம் ஆவுது. இன்னும் என் கண்ணுல காட்டல. நேத்து போன்ல கேட்டுட்டேன். அங்க நாயிங்க இருக்குமேம்மா, கொழந்த இப்பத்தான் தவழுதுன்னான். கேட்டது தப்பில்லயே, அவன் பட்டவன். ஒரு நாயும் உள்ள வராதுடா, மண்ண நான் சுத்தம் பண்ணி வெக்கறேன்னேன். சரி, பொங்கல் தாண்டி ஞாயித்துக்கெழம கூட்டினு வரேன்னுட்டான்."

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. முற்றத்து மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டினாள். கட்டட வேலைக்கு வந்த டிராக்டரில் அதை ஏற்றி அனுப்பினாள். கேட்டுக்கு அடியில் நாய் நுழையாதபடி பலகை அடித்தாள். கேஸ் கட்டுப்படி ஆகாமல் மூன்று செங்கல் வைத்து, சுள்ளி பொறுக்கி, அண்டாவில் தண்ணீர் காய்ச்சினாள். காலையில் வேலைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை முற்றம் முழுக்க ஊற்றுவாள். நானும் வாளி தூக்கினேன். "ஸ்வல்ப மெல்ல ஊத்து, மேல தெறிச்சுடப் போவுது" என்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் காலி சைட்டில், அடுக்கி வைத்த கல்லுக்குப் பின்னால், ஒரு நாய் குட்டி போட்டிருந்தது தெரியவந்தது. ஆறு குட்டிகள், ஒன்றரை மாசத்துக்கு மேலிருக்கும். தாய் ஒளித்தே வளர்த்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் வயிறு மத்தளம் போல, முதுகு எலும்பு மட்டும் தனியாகத் தெரிந்தது.

"லேட்டாயிடுச்சு," என்றாள் அக்கா. அத்தனைக்கும் ஒரே காலையில் எடை போட்டு மருந்து விட்டாள். மறுநாள் காலையில் இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. பக்கத்தில் கத்தையாகப் பூச்சிகள். "வயிறு பூரா அதுதான். வெளிய வர்றப்ப தாங்கல," என்று அவற்றைக் குழி தோண்டிப் புதைத்தாள். மிச்சம் நாலும் கிறங்கிப் படுத்திருந்தன. அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

அடுத்த தெரு அபார்ட்மெண்டில் ஒரு பெண் இருந்தாள், தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறவள். நல்ல பெண்தான், கன்னடம். குட்டிகளுக்கு என்ன ஆயிற்று, யாருக்காவது தெரியுமா என்று அன்று காலை தெரு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருந்தாள். எனக்குத் தெரியுமே. அக்கா எவ்வளவு நல்லது செய்கிறாள் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே. போனில் தட்டி எழுத அப்போது பழக்கமில்லாததால் மைக்கை அழுத்திப் பேசினேன். என்ன பேசினேன் என்பது இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"யாரும் கவலப்படாதீங்க. எங்க எதிர் வீட்டு அக்கா நேத்து காலைல எல்லாக் குட்டிக்கும் அவங்க கையாலயே பூச்சி மருந்து குடுத்துட்டாங்க. ஒண்ணுகூட வுடல. இனிமே நம்ம கொழந்தைங்களுக்கு ஒரு பயமும் இல்ல."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வராது. காய் வண்டிக்காரரிடம் போனை நீட்டி அர்த்தம் கேட்டிருக்கிறாள். அவர் பாவம், பொய் சொல்லவில்லை. கத்திரிச் செடிக்கு அடிப்பதும் பூச்சி மருந்துதான், வாழ்க்கை வெறுத்தவன் வரப்பில் உட்கார்ந்து குடிப்பதும் பூச்சி மருந்துதான். எடை போட்டுத் தந்தாரே தவிர, குட்டிக்கு என்ன மருந்து என்று அவர் கேட்டதே இல்லை. அவர் அறிந்த பூச்சி மருந்து அது. அதைத்தான் கன்னடத்தில் சொன்னார். பத்து நிமிஷத்தில் என் குரல் எங்கெங்கோ போய்விட்டது.

சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வரும்போது கேட்டில் ஏழெட்டுப் பேர். கூட ஒரு கான்ஸ்டபிள். அபார்ட்மெண்ட் பெண் அழுதுகொண்டிருந்தாள். நாய்களுக்கு மருந்து கொடுத்தது நீயா என்று கான்ஸ்டபிள் கன்னடத்தில் கேட்டார்.

"ஹௌது சார், நானே கொட்டெ," என்றாள் அக்கா, ஆமாம், நான்தான் கொடுத்தேன் என்று. "பூச்சி மருந்து."

யாரோ போனில் என் குரலைப் போட்டார்கள். அக்கா முழுசையும் கேட்டாள். "அவ சரியாத்தானே சொல்லிக்கிறா," என்றாள். கூட்டம் கொதித்தது. எதற்குக் கொதிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

எனக்குப் புரிந்தது. கதவுக்குப் பின்னால் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. போலீஸ் விவகாரம் எதிலும் தலையிடாதே, என் வேலைக்கு வினை என்று வீட்டுக்காரர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதனால் நின்றேன். பத்து நிமிஷம் நின்றேன். ஊரெல்லாம் பேசுகிற இந்த வாய் அந்தப் பத்து நிமிஷம் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, இன்றைக்கும்.

கடைசியில் வெளியே வந்து, விஷம் இல்லை சார், வயிற்றுப் பூச்சிக்கான மருந்து, கிளினிக்கிற்கு போன் போட்டுக் கேளுங்கள் என்று உடைந்த கன்னடத்தில் சொன்னேன். கான்ஸ்டபிள் போன் போட்டார். டாக்டர் ஆமாம் என்றார். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டுப் போனார். அபார்ட்மெண்ட் பெண் அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அக்கா, "கைய கழுவிக்கம்மா" என்றாள்.

அதோடு முடியவில்லை. நான் இன்னொரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். முதல் மெசேஜ் போன இடத்துக்கெல்லாம் இது போகவில்லை. யாருக்கு வேண்டும், விஷம் வைத்தவள் கதை போல இதில் சுவாரஸ்யம் ஏது? சோறு தின்னாத பிள்ளைகளுக்குத் தெருப் பெண்கள் "பூச்சி மருந்து அக்கா வருது பார்" என்று பூச்சாண்டி காட்டினார்கள். ஓனர் வந்தார். "உம்பேர்ல தப்பு இல்லன்னே வெச்சுக்கோம்மா. ஆனா தெருவே பேசுது. மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்கோ." வீடு கொடுக்கும்போது அக்கா தந்திருந்த மகனின் நம்பருக்கும் அவர் பேசியிருக்கிறார். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

மாசக் கடைசியில் ஒரு டெம்போவில் அவள் போனாள். எங்கே என்று கேட்டதற்கு, "பாத்துனு இருக்கேன்" என்றாள். நம்பர் மாறிவிட்டது. கிளினிக்கிலும் நின்றுவிட்டாள். அல்சூர் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஏரிக்கரையோரம் நடக்கிற பெண்களை எட்டி எட்டிப் பார்ப்பேன். பாப்பா இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள்.

ஆனால் அக்கா போவதற்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதைச் சொல்லாமல் நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னவளாவேன்.

விடிகாலையிலேயே அவள் முற்றத்தில் மூன்று அண்டா கொதிநீர் ஊற்றி முடித்திருந்தாள். வெயில் ஏறி மண் காய்ந்ததும் பெருக்கி, வாசலோரம் புதுக் கோரைப்பாய் ஒன்றை விரித்தாள். குழந்தைக்கென்று பருப்புச் சாதம் நெய் விட்டுக் குழைத்து மூடி வைத்தாள். மருமகளுக்கு எது பிடிக்கும் என்று தெரியாமல் இரண்டு குழம்பு. வீட்டைக் காலி செய்யச் சொன்னதைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை வரும்போது எதற்கு அந்தப் பேச்சு என்றாள்.

பதினோரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. டோல்கேட்டில் நெரிசல் இருக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன நெரிசல் என்று அவளும் கேட்கவில்லை. ஒரு மணி சுமாருக்கு அவள் போன் டிங் என்றது. எழுந்து என்னிடம் வந்தாள்.

"அவன்தான் என்னமோ அனுப்பிக்கிறான். எனக்கு இதெல்லாம் தொறக்கத் தெரியாது. வழி கேக்கறானோ என்னமோ, பாரு."

வாங்கினேன். மேலே ஒரு வாய்ஸ் மெசேஜ், யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டது. அதன் கீழே ஒரு வரி. வரியைப் படிப்பதற்கு முன் விரல் மேலே பட்டுவிட்டது.

"யாரும் கவலப்படாதீங்க. எங்க எதிர் வீட்டு அக்கா..."

என் குரல். என் கையில் இருந்து, அவள் முகத்துக்கு நேரே. நிறுத்தத் தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. ஒண்ணுகூட வுடல என்று நான் சந்தோஷமாகச் சொல்வது வரைக்கும், அதற்கு மேலும், முழுசாக ஓடி நின்றது.

"கீழ எழுதிக்கிறானே, இன்னா அது?" என்றாள்.

படித்தேன். "ஏம்மா இப்பிடி? கொழந்தய நான் கூட்டினு வரல."

நான் அவள் போனிலேயே பேசினேன். தம்பி, அது நான் பேசினது, நீங்க நெனக்கிற மருந்து இல்ல தம்பி, உங்கள மாதிரி இன்னொரு கொழந்தைக்கு ஆயிடக் கூடாதுன்னுதான் உங்கம்மா குடுத்தாங்க, தப்பு என்னுது. அழுகையில் பாதி எனக்கே புரியவில்லை. அழித்துவிட்டுத் திரும்பப் பேசினேன். மூன்றாவது தடவை அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாயின. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பதில் வரவில்லை. கூப்பிட்டேன், அடித்து ஓய்ந்தது.

"என்ன திட்டுங்கக்கா," என்றேன்.

"உன்ன திட்டி இன்னா ஆவப்போவுது," என்றாள். "அவனுக்கு நான் நாய்க்குட்டி கொண்டாந்த அன்னிலேருந்தே தெரியும், எங்கம்மா கொண்டாந்தா இப்பிடித்தான் ஆவும்னு. நீ பேசுனதுல அவனுக்குப் புதுசா ஒண்ணும் இல்ல."

பாப்பா என் இடுப்பிலிருந்து இறங்கத் துடித்தது. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எறக்கி வுடு அவள," என்றாள் அக்கா.

"செருப்பு போடலக்கா. எடுத்துனு வரேன்."

"வாணாம். வெறுங்கால்லயே வுடு. ஒரு கொழந்தயாவது நடக்கட்டும்."

விட்டேன். பாப்பா கேட் வரைக்கும் நடந்தது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அக்கா பாய்மேல் உட்காராமல், பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்து அந்தச் சின்ன வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.